முதன்முறையாக நாய் வளர்ப்போருக்கு: கன்னியாகுமரி மாவட்டத்துக்கான வழிகாட்டி

நாய் வளர்க்கலாம் என்று ஒரு வீட்டில் பேச்சு எழுந்தவுடன் எந்த இனம், என்ன விலை, எங்கே கிடைக்கும் என்பவையே முதலில் விவாதிக்கப்படுகின்றன. அவற்றுக்கு முன்பாக முடிவு செய்ய வேண்டியது ஒன்று உண்டு: நாள்தோறும் காலையும் மாலையும் அந்த நாய்க்கென்று அரை மணி நேரம் ஒதுக்கப் போகிறவர் யார்? ஒரு நாய் 10 முதல் 15 ஆண்டுகள் வரை வாழக்கூடியது. பிளஸ் டூ படிக்கும் மகன் ஆசைப்பட்டு வாங்கும் குட்டி, அவன் கல்லூரி விடுதிக்குச் சென்ற பின்பும், வேலைக்காக வளைகுடா நாட்டுக்கு விமானம் ஏறிய பின்பும் அதே வீட்டு முற்றத்தில்தான் இருக்கும். அப்போது அதற்குச் சோறு வைப்பவரும் அதை நடக்க அழைத்துச் செல்பவரும் பெரும்பாலும் அவனுடைய தாயாராகவோ பாட்டியாராகவோ இருப்பார். ஆகவே அவர்களுடைய சம்மதத்தையும் உடல்நிலையையும் முதலில் கணக்கில் கொள்ள வேண்டும்.

அடுத்ததாக நம் மாவட்டத்தின் தட்பவெப்பத்தை மனத்தில் கொள்ள வேண்டும். தமிழ்நாட்டின் பெரும்பகுதி வடகிழக்குப் பருவமழையை நம்பியிருக்க, நமக்கு ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழையும், அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையும் கிடைக்கின்றன. ரப்பர் தோட்டங்களும் வாழைத் தோட்டங்களும் தென்னந்தோப்புகளும் சானல்களும் குளங்களும் நிறைந்த இந்த மண்ணின் ஈரமும் நிழலும் உண்ணிக்கும் கொசுவுக்கும் பூஞ்சைக்கும் எலிக்கும் மிக உகந்தவை. எனவே இங்கு நாய் வளர்ப்பவர் ஒரு பழக்கத்தைக் கைவிடாமல் பிடித்துக்கொள்ள வேண்டும் என்பது என் உறுதியான கருத்து: தினமும் ஒருமுறை நாயின் உடலை மூக்கு முதல் வால் வரை கையால் தடவிப் பார்ப்பது. இந்த வழிகாட்டியின் பல பகுதிகள் அந்தப் பழக்கத்துக்கே திரும்பி வரும்.

குட்டியைத் தேர்ந்தெடுத்தல்

முதன்முறையாக வளர்ப்பவர்களுக்கு நான் பரிந்துரைப்பது நாட்டு நாய்க் குட்டியைத்தான். குட்டை முடியும் மெலிந்த உடலும் கொண்ட நாட்டு நாய் நம் வெக்கையையும் ஈரத்தையும் தாங்கும். அதற்கென்று தனி உணவோ முடி பராமரிப்போ தேவையில்லை. நன்றாகப் பழக்கினால் எந்த விலையுயர்ந்த இனத்துக்கும் குறையாத அன்பும் அறிவும் காட்டும். தெருவில் பிறந்த குட்டியை எடுத்து வளர்ப்பதும் மிக நல்ல செயலே. ஆனால் தாயிடம் பால் குடித்துக்கொண்டிருக்கும் குட்டியைப் பிரித்து எடுத்து வரக் கூடாது. எடுத்து வந்த குட்டியை வீட்டுக்குள் விடும் முன் கால்நடை மருத்துவரிடம் காட்டிவிட வேண்டும்.

தமிழகத்தின் சொந்த இனங்களான சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை, ராஜபாளையம் ஆகியவற்றை விரும்புவோர் நம்மிடையே பலர் உள்ளனர். 2005ஆம் ஆண்டு இந்திய அஞ்சல் துறை வெளியிட்ட நாய் இன அஞ்சல்தலைகளில் இடம்பெற்ற பெருமை ராஜபாளையத்துக்கு உண்டு. இவை வேட்டைக்கும் காவலுக்கும் உருவான இனங்கள் என்பதால் ஓடுவதற்கு இடமும் நேரமும் வேண்டும். வீட்டைச் சுற்றிச் சுவரெடுத்த விளை உள்ளவர்களுக்கே இவை பொருந்தும். வெள்ளை நிற ராஜபாளையக் குட்டிகளில் சில பிறவியிலேயே காது கேளாதவையாக இருக்கும் என்பதால், வாங்கும் முன் குட்டி பார்க்காதபோது அதன் பின்னாலிருந்து கைதட்டி அது திரும்புகிறதா என்று கவனிக்க வேண்டும்.

சைபீரியன் ஹஸ்கி போன்ற பனிநாட்டு இனங்களை நம் மாவட்டத்துக்குக் கொண்டுவர வேண்டாம் என்று வெளிப்படையாகவே சொல்லிவிடுகிறேன். இரட்டை அடுக்கு முடியுடன் பிறந்த அந்த நாய், காற்றில் ஈரம் மிகுந்த மே மாதத்துப் பகலில் குளிர்சாதன அறைக்கு வெளியே படும் பாடு பார்க்கத் தகுந்ததன்று. மூக்கு சப்பையான பக் போன்ற இனங்களும் புழுக்கத்தில் மூச்சுத் திணறும்.

எந்த இனமானாலும் 8 வாரம் நிறையாத குட்டியை வாங்கக் கூடாது. 2017ஆம் ஆண்டின் நாய் இனப்பெருக்க, விற்பனை விதிகளும் 8 வாரத்துக்குக் குறைந்த குட்டிகளை விற்பதைத் தடை செய்கின்றன. தாயையும் உடன்பிறந்த குட்டிகளையும் நேரில் பார்க்க அனுமதிக்காத விற்பனையாளரிடம் வாங்காதீர்கள். குட்டியின் கண்ணில் பீளை இல்லாமலும், ஈறு இளஞ்சிவப்பாகவும், ஆசனவாய் சுத்தமாகவும் இருக்க வேண்டும். வயிறு மட்டும் பானைபோல் உப்பி, விலா எலும்பு துருத்தித் தெரிந்தால் குடற்புழு மிகுந்திருக்கிறது என்று பொருள்.

வீட்டை ஆயத்தம் செய்தல்

குட்டி வருவதற்கு முன்பே அதற்கான இடத்தைத் தீர்மானியுங்கள். முதல் சில மாதங்கள் அது வீட்டுக்குள்ளோ, மழைச்சாரல் அடிக்காத திண்ணையிலோ, மனிதக் குரல் கேட்கும் தொலைவில் உறங்குவதே நல்லது. வெளியே கூடு அமைப்பதானால் தரையிலிருந்து அரை அடியாவது உயர்ந்த மரப்பலகை மீது அமைத்து, வாசலை மேற்குத் திசை நோக்கி வைக்காதீர்கள். தென்மேற்குப் பருவக்காற்று அந்தப் பக்கத்திலிருந்தே சாரலைக் கொண்டுவரும். ஈரச் சிமெண்டுத் தரையில் தொடர்ந்து படுக்கும் நாய்க்கு முழங்கையிலும் தொடையிலும் புண் வரும். வழுக்கும் டைல்ஸ் தரையில் ஓடித் திரியும் குட்டிக்கு மூட்டுகளில் சுமை கூடும் என்பதால் அது நடமாடும் இடத்தில் பாய் அல்லது மிதியடி விரித்துவிடலாம். படுக்கைக்குச் சாக்கு வேண்டாம். அதன் இழைகளுக்குள் உண்ணி முட்டையிட்டுப் பெருகும். பழைய பருத்திப் புடவையோ கைலியோ போதும். வாரம் ஒருமுறை வெந்நீரில் அலசி வெயிலில் உலர்த்த வேண்டும்.

பிறகு வீட்டையும் விளையையும் குட்டியின் உயரத்திலிருந்து ஒருமுறை பாருங்கள். எலிக்கு வைத்த விஷக் கட்டி, வாழைக்கு இடும் குருணை மருந்து, பூச்சிக்கொல்லிப் புட்டி ஆகியவை பூட்டிய இடத்துக்குப் போக வேண்டும். ரப்பர் பால் உறைய வைக்கும் வீடுகளில் பார்மிக் அமிலக் கேனும், பாலும் அமிலமும் கலந்த தட்டுகளும் நாய் எட்டாத உயரத்தில் இருக்க வேண்டும். அந்தத் தட்டில் வாயை வைத்தால் நாக்கும் தொண்டையும் வெந்துவிடும். மரச்சீனியின் இலையிலும் தோலிலும் சயனைடாக மாறும் நச்சு உண்டு என்பதை ஆடு வளர்ப்பவர்கள் அறிவார்கள். கடிக்கத் துடிக்கும் குட்டிக்கும் அதே எச்சரிக்கை பொருந்தும். வேலியோரத்து அரளியின் எல்லாப் பகுதிகளும் நஞ்சு.

முதல் நாட்கள்

தாயைப் பிரிந்த குட்டி முதல் சில இரவுகள் அழும். அதைத் தனியே பூட்டி அழவிடுவதால் பயம்தான் வளரும். குடும்பத்தில் ஒருவர் அருகில் படுத்து, அழும்போது கையை மட்டும் அதன் மீது வைத்தால் மெல்ல அடங்கும். தாயின் மணம் படிந்த துணி ஒன்றை முந்தைய வீட்டிலிருந்து வாங்கி வந்து படுக்கையில் போடுவது உதவும். உறவினர்களையும் அண்டை வீட்டுப் பிள்ளைகளையும் முதல் நாளே கூட்டிவந்து குட்டியைக் கைமாற்றிக் கைமாற்றித் தூக்க விட வேண்டாம்.

மலம், சிறுநீர் கழிக்கும் பழக்கத்தை முதல் நாளிலிருந்தே தொடங்கலாம். உறங்கி எழுந்தவுடன், உண்டவுடன், விளையாடி முடித்தவுடன், இவற்றுக்கு இடையில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை என்று முற்றத்தின் ஒரே இடத்துக்குத் தூக்கிச் செல்லுங்கள். வேலை முடிந்த அந்த நொடியிலேயே பாராட்டி, ஒரு சிறு துண்டு அவித்த கோழி கொடுங்கள். வீட்டுக்குள் கழித்துவிட்டால் அடிப்பதும் அதன் மூக்கை அதில் தேய்ப்பதும் பயனற்றவை; குட்டி புரிந்துகொள்வது உங்கள் கோபத்தை மட்டுமே, அதன் பிறகு உங்கள் கண்ணில் படாமல் கட்டிலுக்கு அடியில் கழிக்கத் தொடங்கும். அடைமழை நாட்களுக்கென்று கூரையின் கீழ் மணல் பரப்பிய ஒரு மூலையை முன்கூட்டியே பழக்கி வைத்தால் ஜூலை மாதத்தில் நீங்கள் திண்டாட வேண்டியதில்லை.

தடுப்பூசியும் குடற்புழு மருந்தும்

இதில் தள்ளிப்போடுவதற்கு இடமே இல்லை. குட்டி வந்த ஓரிரு நாட்களில் அருகிலுள்ள அரசு கால்நடை மருத்துவமனைக்கோ தனியார் மருத்துவரிடமோ கொண்டு சென்று, எடை பார்த்து, தடுப்பூசி அட்டை ஒன்றைத் தொடங்கிவிடுங்கள். பார்வோ, டிஸ்டெம்பர் ஆகிய வைரஸ் நோய்களுக்கான கூட்டுத் தடுப்பூசி 6 முதல் 8 வார வயதில் தொடங்கி, மூன்று அல்லது நான்கு வார இடைவெளியில், 16 வார வயது வரை திரும்பத் திரும்பப் போடப்படுகிறது. தாய்ப்பால் வழியாகக் கிடைத்த எதிர்ப்பாற்றல் குட்டியின் உடலில் எஞ்சியிருக்கும்வரை தடுப்பூசி முழுமையாக வேலை செய்யாது என்பதும், அந்த ஆற்றல் எப்போது தீரும் என்பது குட்டிக்குக் குட்டி மாறுபடும் என்பதுமே இத்தனை முறை போடுவதற்குக் காரணம். முதல் ஊசி போட்டாகிவிட்டது என்று நினைத்து அடுத்ததைத் தவறவிடும் வீடுகளில்தான் பார்வோ புகுந்துவிடுகிறது. வாந்தியும் நாற்றமடிக்கும் இரத்தக் கழிச்சலுமாகத் தொடங்கி, சில நாட்களிலேயே குட்டியின் உயிரைப் பறிக்கும் நோய் அது.

நமது ஈர நிலத்துக்கு எலிக்காய்ச்சல் தடுப்பூசி மிக முக்கியம். எலியின் சிறுநீர் கலந்த வயல் நீரிலும் சானல் நீரிலும் குளத்தோரச் சேற்றிலும் இந்தக் கிருமி வாழும். நாயின் ஈரலையும் சிறுநீரகத்தையும் தாக்கும். நாயின் சிறுநீரிலிருந்து மனிதருக்கும் தொற்றும். கூட்டுத் தடுப்பூசியில் எலிக்காய்ச்சலுக்கானதும் உள்ளதா என்று மருத்துவரிடம் கேட்டு உறுதி செய்துகொண்டு, ஆண்டுதோறும் அதைத் தொடருங்கள்.

வெறிநோய்த் தடுப்பூசியைக் குட்டிக்கு 3 மாதம் நிறைந்தவுடன் போட வேண்டும். மருத்துவர் குறிக்கும் நாளில் மறு ஊசியும், பிறகு ஆண்டுக்கு ஒருமுறையும் தொடர வேண்டும். செப்டம்பர் 28 உலக வெறிநோய் நாளையொட்டி அரசு கால்நடை நிலையங்களில் இலவசத் தடுப்பூசி முகாம்கள் நடத்தப்படுவது வழக்கம். உங்கள் நாய் ஊசி போட்டதாகவே இருந்தாலும், அது கடித்தாலோ பல்லால் கீறினாலோ காயத்தைச் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவிவிட்டு, உடனே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ அரசு மருத்துவமனைக்கோ செல்ல வேண்டும். காயத்தில் மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்ப்பொடி எதையும் வைக்கக் கூடாது. அறிகுறி தோன்றிய பிறகு வெறிநோயிலிருந்து மீட்க மருத்துவத்தில் வழியில்லை. கடித்தவுடன் சிகிச்சை எடுத்தால் ஏறக்குறைய முழுமையாகத் தடுத்துவிடலாம்.

குடற்புழு மருந்து 2 வார வயதில் தொடங்கி, 3 மாதம் வரை இரண்டு வாரத்துக்கு ஒருமுறையும், 6 மாதம் வரை மாதம் ஒருமுறையும், அதன் பின் மூன்று மாதத்துக்கு ஒருமுறையும் கொடுக்கப்படுகிறது. அளவு எடையைப் பொறுத்தது என்பதால் ஒவ்வொரு முறையும் எடை பார்த்தே கொடுங்கள். நாய்ப் புழுக்கள் குழந்தைகளையும் தாக்கும். சிறுவர்கள் மண்ணில் விளையாடும் வீடுகளில் நாயின் மலத்தை அன்றன்றே அள்ளிப் புதைப்பதும் இந்த மருந்தைப் போலவே தேவையானது.

தினமும் தொட்டுப் பார்த்தல்

மாலை நடைக்குப் பின், விளக்கு வெளிச்சம் நன்றாக விழும் இடத்தில் நாயைப் படுக்க வையுங்கள். முதலில் உதட்டைத் தூக்கி ஈறைப் பாருங்கள். விரலால் ஈறை ஒரு நொடி அழுத்தினால் அந்த இடம் வெளுத்து, விரலை எடுத்ததும் இரண்டு நொடிக்குள் மீண்டும் சிவக்க வேண்டும். அழுத்தாமலே ஈறு வெளிறியிருந்தால் இரத்தச் சோகை. மஞ்சளாக இருந்தால் ஈரல் தொல்லை. இரண்டுமே அடுத்த நாள் வரை காத்திருக்கும் விஷயங்கள் அல்ல.

பிறகு காதைப் புரட்டிப் பாருங்கள். காதின் வெளிமடல் ஓரத்தில் தோல் இரண்டாகப் பிரியும் சிறிய பை போன்ற ஒரு மடிப்பு உண்டு. உண்ணிக்கு மிகப் பிடித்த இடம் அது. விரல் நுனியில் பயறளவு உருண்டையாகத் தட்டுப்படுவது இரத்தம் குடித்து உப்பிய பெண் உண்ணி. எள்ளளவாக ஓடுபவை இளம் உண்ணிகள். அடுத்து கழுத்துப் பட்டைக்கு அடியில், அக்குளில், தொடை இடுக்கில், கடைசியாக நான்கு பாதங்களின் விரல் இடுக்குகளிலும் விரலை விட்டுப் பார்க்க வேண்டும். இடுக்கியைத் தோலோடு ஒட்டிப் பிடித்து நேராக, நிதானமாக இழுத்தால் உண்ணி முழுதாக வந்துவிடும். வெறுங்கையால் நசுக்காமல் சோப்பு நீரிலோ சாராயத்திலோ போட்டுக் கொல்லுங்கள். மண்ணெண்ணெய் தடவுவதும், வயலுக்கு அடிக்கும் பூச்சிமருந்தை நீரில் கலந்து குளிப்பாட்டுவதும் நாயைக் கொன்றுவிடக் கூடும். இந்தச் செயலை நம் ஊர்களில் பலர் நல்லெண்ணத்துடனேயே செய்கிறார்கள் என்பதால் அழுத்திச் சொல்கிறேன்.

உண்ணி இரத்தம் குடிப்பதோடு நிற்பதில்லை. எர்லிச்சியா, பேபிசியா என்னும் நுண்ணுயிர்களை நாயின் இரத்தத்தில் செலுத்தி உண்ணிக் காய்ச்சலை உண்டாக்குகிறது. நன்றாக உண்டுகொண்டிருந்த நாய் திடீரென்று சோற்றை முகர்ந்துவிட்டுத் திரும்பிப் படுப்பதே பெரும்பாலும் முதல் அடையாளம். பின் காய்ச்சல், ஈறு வெளிறுதல், சில நாய்களுக்கு மூக்கில் இரத்தம். காய்ச்சல் இருக்கிறதா என்பதை மூக்கின் ஈரத்தைக் கொண்டு அறிய முடியாது. ஆசனவாயில் வெப்பமானி வைத்துப் பார்க்கும்போது 38.3 முதல் 39.2 டிகிரி செல்சியஸ் வரை, அதாவது சுமார் 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட் வரை இருப்பது இயல்பு. மனிதரின் அளவைக் கொண்டு கணக்கிட்டு, நலமான நாய்க்குக் காய்ச்சல் என்று மருந்து கொடுத்துவிடக் கூடாது. பாராசிட்டமால், ஐபுபுரூஃபன் போன்ற நம் வீட்டு மாத்திரைகளை எந்தக் காரணத்துக்காகவும் நாய்க்குக் கொடுக்காதீர்கள்.

உண்ணி தன் வாழ்நாளில் பெரும்பகுதியை நாயின் மீது கழிப்பதில்லை. கல் கட்டின் இடுக்கிலும் சுவர் வெடிப்பிலும் கூட்டின் மூலையிலும் காத்திருக்கிறது. நாய்க்கு மட்டும் மருந்து கொடுத்துவிட்டுச் சுவரை மறந்தால் ஒரே வாரத்தில் மீண்டும் ஏறிவிடும். வெடிப்புகளைச் சிமெண்டால் அடைத்து, நாய் படுக்கும் இடத்தைச் சுற்றிய புல்லை வெட்டிவிடுங்கள். மாதம் ஒருமுறையோ மூன்று மாதத்துக்கு ஒருமுறையோ கொடுக்கும் உண்ணி மாத்திரைகளும், கழுத்தில் விடும் சொட்டு மருந்துகளும் உள்ளன. நாயின் எடைக்கும் வயதுக்கும் ஏற்றதை மருத்துவர் சொல்வார். பூனையும் உள்ள வீடானால் அதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும், ஏனெனில் பெர்மெத்ரின் கலந்த நாய் மருந்து பூனைக்குக் கொடிய நஞ்சு.

குட்டியாக இருக்கும்போதே இப்படித் தொடப் பழகிய நாய், வளர்ந்த பின் மருத்துவரின் மேசையில் திமிறாது, நகம் வெட்டும்போது கடிக்காது. விலாவைத் தடவும்போது எலும்புகள் லேசாக விரலில் தட்டுப்பட வேண்டும். தேடித்தான் பிடிக்க வேண்டியிருந்தால் நாய் தடித்துவிட்டது.

மழைக்காலம்

நனைந்த நாயைத் துவட்டாமல் விடுவதே தோல் நோய்களின் தொடக்கம். நடந்து வந்தவுடன் விரல் இடுக்குகள், அக்குள், வாலின் அடிப்பகுதி ஆகியவற்றை உலர்ந்த துணியால் ஒற்றி எடுங்கள். குளிப்பாட்டுவது மாதம் ஒருமுறை அல்லது இருமுறை போதும். நாயின் தோலுக்கு மனிதரின் சோப்பு ஒவ்வாது, நாய்க்கான ஷாம்பூவே வேண்டும். தொடர்மழை நாட்களில் குளிப்பாட்டுவதைத் தள்ளிவைத்து, ஈரத்துணியால் துடைத்தாலே போதுமானது. காதில் நாற்றமோ பழுப்பு நிற அழுக்கோ சேர்ந்து, நாய் தலையைச் சாய்த்து உதறிக்கொண்டிருந்தால் உள்ளே பூஞ்சை பிடித்திருக்கக் கூடும். பஞ்சுக்குச்சியை ஆழமாக விட்டுக் குடையாதீர்கள்.

கொசுவினால் பரவும் இதயப்புழு நோயும் உண்டு. அதற்கான தடுப்பு மருந்தைப் பற்றி முதல் சந்திப்பிலேயே மருத்துவரிடம் கேட்டுவிடுவது நல்லது. மழையில் வெளிவரும் தேரையை விளையாட்டாகக் கவ்வும் குட்டிக்கு வாயில் நுரை தள்ளும்; தலையைக் கீழே சாய்த்துப் பிடித்து, நீர் தொண்டைக்குள் போகாதபடி வாயைக் கழுவிவிட்டு மருத்துவரை அழையுங்கள்.

உணவு

நம் வீடுகளில் சமைக்கும் உணவைக் கொண்டே நாயை நன்றாக வளர்க்க முடியும், ஆனால் நம் இலையில் மிஞ்சியதைக் கொண்டு வளர்க்க முடியாது. தேங்காய் அரைத்த மீன்கறியில் உப்பும் மிளகும் புளியும், அவற்றைவிட முக்கியமாக வெங்காயமும் பூண்டும் உள்ளன. வெங்காயம் நாயின் சிவப்பணுக்களை அழிக்கும். நாய்க்கென்று தனிப் பானையில், உப்பின்றி, மஞ்சள் மட்டும் சேர்த்து, அரிசியுடன் கோழியோ மீனோ முட்டையோ, சிறிது பூசணி அல்லது கேரட்டும் வேக வையுங்கள். சாளை மலிவாகக் கிடைக்கும் நாட்களில் குக்கரில் நன்றாகக் குழைய வேக வைத்து, நடுமுள்ளை உருவிவிட்டுப் பிசைந்து கொடுக்கலாம். பச்சை மீன் வேண்டாம். கருவாட்டில் உப்பு மிகுதி. வேகவைத்த கோழி எலும்பு கூர்மையாக உடைந்து குடலைக் கிழிக்கும் என்பதால் அதையும் கொடுக்கக் கூடாது. திராட்சை, உலர்திராட்சை, சாக்லேட் ஆகியவை நஞ்சு என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லி வையுங்கள். கிறிஸ்துமஸ் காலத்தில் வீட்டுக்கு வீடு வரும் பிளம் கேக்கில் உலர்திராட்சை நிறைந்திருக்கும்.

வளரும் குட்டிக்குச் சோறும் பாலும் மட்டும் கொடுத்தால் கால் எலும்புகள் வளையும். இறைச்சியும் சோறும் மட்டும் கொடுத்தாலும் சுண்ணாம்புச் சத்து போதாது. ஆகவே முதல் ஓராண்டுக்கு, குறைந்தது பாதி உணவாவது குட்டிகளுக்கான நல்ல தயார் உணவாக இருப்பது பாதுகாப்பானது என்பது என் கருத்து. வீட்டு உணவையே முழுதும் கொடுக்க விரும்புவோர் சுண்ணாம்புச் சத்தின் அளவை மருத்துவரிடம் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளட்டும். பசும்பால் பல நாய்களுக்குச் செரிக்காது. 3 மாதம் வரை நாளுக்கு நான்கு வேளை, 6 மாதம் வரை மூன்று வேளை, பிறகு இரண்டு வேளை என்று நேரம் தவறாமல் வையுங்கள். தண்ணீர் எந்நேரமும் இருக்க வேண்டும்.

பழக்குதலும் சங்கிலியும்

குட்டியின் 3ஆம் வாரம் முதல் 14ஆம் வாரம் வரையிலான காலத்தில் அது அமைதியாகக் கண்டு பழகியவற்றுக்கு வாழ்நாள் முழுதும் அஞ்சாது. தடுப்பூசிகள் முடியாத அந்தக் காலத்தில் தரையில் விடாமல் கையில் ஏந்திச் சென்று, மீன்காரரின் இருசக்கர வாகனம், குடை விரியும் ஓசை, மழைக்கோட்டு அணிந்தவர், ஆட்டோ, சைக்கிளில் வரும் பள்ளிப் பிள்ளைகள் ஆகியவற்றைத் தொலைவிலிருந்து காட்டுங்கள். பயந்தால் விலகி நில்லுங்கள், வற்புறுத்தி அருகே கொண்டு செல்லாதீர்கள்.

"வா", "இரு", "விடு" என்ற மூன்று சொற்களைக் கற்பித்தாலே பெரும்பாலான ஆபத்துகளைத் தவிர்த்துவிடலாம். ஒரு வேளைக்கு ஐந்து நிமிடம் போதும். அப்பா "இரு" என்பதும் அக்கா "உட்கார்" என்பதும் குட்டியைக் குழப்பும். வீட்டில் எல்லோரும் ஒரே சொல்லைப் பயன்படுத்த வேண்டும். பல் முளைக்கும் பருவத்தில் கையைக் கடித்தால் விளையாட்டை நிறுத்திவிட்டு, கடிப்பதற்கான முடிச்சுக் கயிற்றைக் கொடுங்கள்.

சங்கிலியைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. கேட்டருகே இரண்டு அடிச் சங்கிலியில் பகல் முழுதும் கட்டப்பட்ட நாய் நல்ல காவல் நாயாகும் என்ற நம்பிக்கை நம்மிடையே ஆழமாக இருக்கிறது. உண்மையில் அப்படிக் கட்டப்பட்ட நாய் யாரைப் பார்த்தாலும் குரைக்கிறது; வீட்டாரையும் அந்நியரையும் பிரித்தறியும் பழக்கமே அதற்கு உருவாவதில்லை; ஒருநாள் சங்கிலி அறுந்தால் முதலில் எதிர்ப்படுபவர் குழந்தையாக இருந்தாலும் கடித்துவிடுகிறது. 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டம், நாயை நியாயமற்ற குறுகிய சங்கிலியில் நெடுநேரம் கட்டி வைப்பதையும், எப்போதும் கட்டி வைத்திருக்கும் நாய்க்கு உடற்பயிற்சி அளிக்காமல் விடுவதையும் வதை என்றே வரையறுக்கிறது. சுற்றுச்சுவர் இல்லாத வீடானால் வெளியாட்கள் வரும் நேரத்தில் மட்டும் நீண்ட கயிற்றில் கட்டலாம். இரவில் தெருவில் அவிழ்த்துவிடுவதும் தீர்வாகாது. வாகனத்தில் அடிபடுவதும் விஷம் தின்பதும் சண்டையில் வெறிநோய்க் கிருமி தொற்றுவதும் அப்படித்தான். உள்ளாட்சி அலுவலகத்தில் வளர்ப்பு நாய்ப் பதிவு பற்றிக் கேட்டு முறைப்படி பதிந்துகொள்ளுங்கள்.

நடை காலை வெயிலுக்கு முன்பும் மாலை வெயில் தணிந்த பின்பும் இருக்கட்டும். தார்ச்சாலையில் உங்கள் புறங்கையை ஏழு நொடி வைத்திருக்க முடியாவிட்டால் நாயின் பாதமும் தாங்காது. கழுத்தை இறுக்கும் சங்கிலிக்குப் பதில் மார்புப் பட்டை அணிவியுங்கள். முட்டம், குளச்சல் போன்ற கடற்கரைகளுக்கு அழைத்துச் செல்பவர்கள் கயிற்றை விடக் கூடாது. வலையிலிருந்து உதறி எறியப்பட்ட பேத்தை மீன் மணலில் கிடக்கும். காய்ந்த பின்பும் அதன் நஞ்சு போகாது. தூண்டில் முள்ளும் அங்கங்கே புதைந்திருக்கும். கடல்நீரைக் குடிக்கவிடாமல் கையோடு நல்ல தண்ணீர் எடுத்துச் செல்லுங்கள்.

வெடிச்சத்தமும் அவசர நேரங்களும்

தீபாவளியோடு நம் மாவட்டத்தில் வெடி முடிவதில்லை. டிசம்பர் 3ஆம் தேதியையொட்டிய கோட்டாறு சவேரியார் திருவிழா, கிறிஸ்துமஸ், புத்தாண்டு, மாசியில் மண்டைக்காடு கொடை, ஊர்தோறும் கோயில் கொடைகளும் ஆலயத் திருவிழாக்களும் என்று ஆண்டின் பாதியில் வானவேடிக்கை உண்டு. அந்த இரவுகளில் நாயை முன்னதாகவே நடத்திவிட்டு, சன்னலடைத்த அறையில் மின்விசிறியையும் தொலைக்காட்சியையும் ஓடவிட்டு, வீட்டார் ஒருவர் உடனிருங்கள். கழுத்துப் பட்டையில் உங்கள் கைப்பேசி எண்ணைப் பொறித்த தகடு இருந்தால், அஞ்சி ஓடிவிட்ட நாய் திரும்பக் கிடைக்கும் வாய்ப்பு மிகுதி.

ரப்பர் தோட்டத்துச் சருகிலும் விளையின் கல் கட்டிலும் விரியனும் நல்ல பாம்பும் இருக்கும். பாம்பு கடித்த நாயை நடக்கவிடாமல் தூக்கிச் செல்லுங்கள். கட்டுப் போடுவது, கீறுவது, பச்சிலை அரைத்து ஊட்டுவது எதையும் செய்யாதீர்கள். விஷமுறிவு மருந்து எந்தக் கால்நடை மருத்துவரிடம் இருக்கிறது என்பதை நலமாக இருக்கும்போதே விசாரித்து எண்ணைச் சுவரில் எழுதி வையுங்கள். கால்நடை மருத்துவ ஊர்தி சேவைக்கான எண் 1962. சிக்கலான அறுவை சிகிச்சைகளுக்கு, தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் கீழ் இயங்கும் திருநெல்வேலி கால்நடை மருத்துவக் கல்லூரியை அணுகலாம். திரும்பத் திரும்ப வாந்தி, இரத்தம் கலந்த கழிச்சல், வயிறு கல்போல் உப்புதல், வலிப்பு, ஒரு நாள் முழுதும் சிறுநீர் கழிக்காமை ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் வீட்டு வைத்தியம் பார்க்காமல் அன்றே கொண்டு செல்ல வேண்டும்.

கருத்தடை

பெண் நாய் பெரும்பாலும் 6 மாதத்திலிருந்து ஓராண்டுக்குள் முதல் பருவத்துக்கு வரும். அதன் பின் ஏறக்குறைய ஆண்டுக்கு இருமுறை. கருக்காலம் சுமார் 63 நாட்கள். பிறக்கும் குட்டிகளில் ஆண் குட்டிகளை மட்டும் கொடுத்துவிட்டுப் பெண் குட்டிகளைச் சந்தை ஓரத்திலோ சானல் கரையிலோ விட்டுச் செல்லும் கொடுமை நம் ஊர்களில் நடப்பதைக் காணாதவர் இல்லை. குட்டிகளுக்கு வீடு தேட இயலாதவர்கள் கருத்தடை அறுவை செய்துவிடுவதே நேர்மை. வயது முதிர்ந்த பெண் நாய்களுக்கு வரும் கருப்பைச் சீழ் நோயையும் அது தடுக்கும். எந்த வயதில் செய்யலாம் என்பது இனத்தையும் உடலளவையும் பொறுத்து மாறும் என்பதால் மருத்துவருடன் பேசி முடிவெடுங்கள்.

வெளியூர் செல்லும்போது

வேளாங்கண்ணிக்கோ பழனிக்கோ குடும்பத்தோடு கிளம்பும்போது நாயைக் கட்டிப்போட்டுவிட்டு, பக்கத்து வீட்டாரிடம் சோறு மட்டும் வைக்கச் சொல்லிச் செல்வது போதாது. நாயை முன்பே அறிந்த ஒருவரிடம் பொறுப்பை ஒப்படைத்து, ஒரு தாளில் உணவின் அளவு, நேரம், தரும் மருந்து, அஞ்சும் பொருள்கள், மருத்துவரின் எண் ஆகியவற்றை எழுதி, தடுப்பூசி அட்டையோடு கொடுங்கள். நாய் விடுதியில் விடுவதானால் முன்கூட்டியே நேரில் சென்று, தரை உலர்ந்திருக்கிறதா, ஒவ்வொரு நாய்க்கும் தனித் தண்ணீர்ப் பாத்திரம் உண்டா, தடுப்பூசி அட்டையைக் கேட்டுப் பார்த்துத்தான் சேர்க்கிறார்களா என்று பாருங்கள். முதல் முறை ஓர் இரவு மட்டும் விட்டு, திரும்பி வந்ததும் உடல் முழுவதும் தடவி உண்ணியோ காயமோ இருக்கிறதா என்று பார்த்து, நாய் உண்டதா, உறங்கியதா என்று கேட்டறிந்த பிறகே அதிக நாட்களுக்கு விட வேண்டும்.